கல்லில் வெட்டிய விதியையும் திருத்தினார்கள்!

உத்திரமேரூர் குடவோலை எல்லோருக்கும் தெரியும். அந்த விதிகளைத் திருத்தியது தெரியுமா?

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ல் ஊர்ச்சபை கூடி வாரியத் தேர்வுக்கு விதி போட்டது. வயது 30 முதல் 60. இரண்டே வருடத்தில், 921-ல், மறுபடி கூடி 35 முதல் 70 என்று மாற்றியது. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய எந்தெந்த உறவினருக்கு இடமில்லை என்றும் பட்டியலிட்டது. இரண்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன.

ஆனால் ஓலையில் பெயர் வர சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும். உழுதவரை யாரும் கேட்கவில்லை.

நம்ம திருப்பூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. 2022-ல் தமிழக நகரங்களுக்குப் பகுதி சபை வந்தது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து, வாடகை லைன் வீட்டில் இருக்கும் வெளியூர்த் தொழிலாளியையும் அங்கே கேட்கிறோமா? குப்பையும் குடிநீரும் அவருக்கும்தானே!