பெட்டிக்குள் அடைத்த மென்பொருள்: துறைமுகத்திலிருந்து கணினிக்கு வந்த கதை



சென்ற தவணை எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவர் நூலகப் புத்தகங்களைப் பதியும் மென்பொருளொன்றைச் செய்து கொண்டுவந்தார். வீட்டில் நானாவின் மடிக்கணினியில் ஓடியது, பாடசாலைக் கணினியில் ஓடவில்லை. பிஎச்பி பதிப்பு வேறு, தரவுத்தளம் வேறு. இரண்டு மணித்தியாலம் நாங்கள் குந்தியிருந்து பார்த்தும் சரிவரவில்லை. "வீட்டுல ஓடிச்சி சேர்" என்று பிள்ளை அழாக்குறையாகச் சொன்னார். உலகத்துப் பொறியியலாளர்கள் எல்லோரும் சொல்லிச் சலித்த வார்த்தைதான் அது. அதற்கு மருந்து கண்ட கதையைச் சொல்லவே இந்தப் பதிவு. கதை துறைமுகத்தில் தொடங்குவதால் சீனன்குடாக்காரருக்கு விளங்காமல் போகாது.

எங்கள் துறைக்கு வருபவை பெரும்பாலும் மொத்தச் சரக்குகள். பிறீமா ஆலைக்குக் கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எண்ணெய். கொள்கலன் பெட்டிகள் கொழும்புக்குத்தான் போகின்றன. ஆனால் முதுகில் மூட்டை சுமந்து கப்பல் இறக்கிய நாட்டாமைமாரை எங்கள் வாப்பாமார் கண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான். மூட்டை, பீப்பா, பெட்டி என்று ஒவ்வொன்றையும் கையால் ஏற்றி, கையால் இறக்க வேண்டும்.

1956 ஏப்ரல் 26இல் அமெரிக்க லொறி முதலாளி மல்கம் மெக்லீன் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றி நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்தக் கப்பல் புதிதாகக் கட்டியதல்ல, பழைய எண்ணெய்க் கப்பல். எண்ணெய்க் குதங்களின் நடுவே வளர்ந்த எங்களுக்கு அந்தத் தகவல் தனி ருசி! அதுவரை சில்லறைச் சரக்கு ஏற்ற ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 6 டொலர் ஆனது. பெட்டியில் ஏற்ற 16 சதம்தான் ஆனது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாரந்தூக்கிக்குத் தெரியத் தேவையில்லை. வெளி அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

கணினியில் இதே யோசனை மெல்ல மெல்ல வந்தது. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ‘சிஎச்ரூட்’ என்ற வசதி, ஒரு நிரலுக்கு வட்டின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைத்தது. 2000இல் ஃபிரீபிஎஸ்டி ‘ஜெயில்’ என்றே பெயர் வைத்து இன்னும் இறுக்கியது. பிறகு கூகிள் பொறியியலாளர்கள் எழுதிய ‘சிகுறூப்ஸ்’ 2008இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி நேரம் என்று ஒவ்வொரு நிரலுக்கும் அளந்து கொடுப்பது அதன் வேலை. ஒரே வளவில் பல அறைகள், எல்லோருக்கும் ஒரே கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனிக் கிணறு வெட்டுவதுதான் மெய்நிகர் இயந்திரம். அது பாரம் கூடியது.

அறைகள் இருந்தன, ஆனால் கட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தன் மாநாடொன்றில் சொலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் பேசி ஒரு கட்டளைவரிக் கருவியைக் காட்டினார். அதுதான் டொக்கர். நிரலுக்குத் தேவையான எல்லாவற்றையும் சமையல் குறிப்புப் போல ஒரு கோப்பில் எழுதி ‘டொக்கர் பில்ட்’ என்று கொடுத்தால் பெட்டி தயார். வேறு கணினியில் ‘டொக்கர் ரன்’ என்றால் அங்கேயும் அதே மாதிரி ஓடும். இங்கிலாந்து வழக்கில் டொக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. இரும்புப் பெட்டி வந்து அவர்களில் எத்தனையோ பேரின் பிழைப்பை விழுங்கியது. மிஞ்சிய பெயர் ஒரு மென்பொருளுக்குப் போயிற்று. அதன் சின்னம் முதுகில் பெட்டி சுமக்கும் திமிங்கிலம். எங்கள் கடலுக்குப் புதியதல்ல.

இலங்கைக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் கரையை அடித்துப் போன நாட்களில், காணாமற் போனவர்களையும் முகாம்களையும் பதிய ‘சஹன’ என்ற மென்பொருளை லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனைச் சேர்ந்த தொண்டர்கள் எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அது போயிற்று. ஒவ்வொரு நாட்டிலும் சேவையகத்தில் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். பெட்டிக்குள் அடைத்து அனுப்ப அன்று டொக்கர் இருக்கவில்லை. அவசர வேளையில் ஒரு மணித்தியாலம் என்ன பெறுமதி என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தப் பவுண்டேஷனை உருவாக்கிய சஞ்ஜீவ வீரவரண 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தையும் தொடங்கினார். அங்கே பிறந்த பலரினா நிரல்மொழியின் 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. அதன் கட்டளைக்குப் பெயர் ‘பல்’. (தமிழில் வாசித்துச் சிரிக்காத பிள்ளை இல்லை.) ‘பல் பில்ட்’ என்பதோடு கிளவுட் தெரிவில் டொக்கர் என்று கொடுத்தால் நிரலும் பெட்டியும் ஒன்றாகவே தயாராகும். சமையல் குறிப்பைத் தனியே எழுதத் தேவையில்லை. ஆனால் கணினியில் டொக்கர் இருக்க வேண்டும்.

டொக்கரின் அடிப்படை இயந்திரம் இலவசம். டெஸ்க்டொப் பதிப்புக்கு 2021 முதல் பெரிய நிறுவனங்கள் காசு கட்ட வேண்டும், படிப்புக்கு இலவசம். எங்களுக்கு உதைப்பது டேட்டாதான். ஒரு பெட்டியை இறக்கவே சில நூறு எம்பி போய்விடும். அதனால் ஒரு தடவை இறக்கி, ‘டொக்கர் சேவ்’ போட்டு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறோம். ‘டொக்கர் லோட்’ என்றால் இணையம் இல்லாமலே ஏறும். நூலகப் பிள்ளையின் மென்பொருளும் அதிலேயே இருக்கிறது. போன வியாழன் மூன்று கணினிகளில் ஓட்டிப் பார்த்தோம், அல்ஹம்துலில்லாஹ். பென் டிரைவ் கணினி அறை அலுமாரியில் இருக்கிறது. வேண்டிய பிள்ளைகள் இடைவேளையில் வந்து கேட்கலாம், பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும்.