திரையில் தம்மைக் கண்ட தீவினர்

மக்களுக்கு அறிவூட்டும் பொருட்டு ஊர்ப் பொதுவிடத்தில் திரை கட்டிப் படம் காட்டும் வழக்கம் நம் நாட்டினர் நன்கறிந்ததே. மத்திய அரசு 1948இல் நிறுவிய பிலிம்ஸ் டிவிஷனின் விளக்கப் படங்கள் திரையரங்குகளில் மட்டுமன்றி, கள விளம்பரத் துறையின் வண்டிகளிலேறிச் சிற்றூர்களுக்கும் சென்றன. உணவுப் பற்றாக்குறை, தொற்றுநோய், மக்கட்பெருக்கம் என உலகை வாட்டும் இடர்களை அவை எடுத்துரைத்தன. எனினும், சொல்வோர் ஒருபுறம், கேட்போர் மறுபுறம் என்பதே அவற்றின் பொதுவியல்பு. இந்நிலை மாறக்கூடுமா என்னும் வினாவிற்குக் கானடா நாட்டு மீனவர் தீவொன்று விடை தந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கானடாவில் 1939இல் தேசியத் திரைப்பட வாரியம் தோன்றியது. ஸ்காட்லாந்தினரான ஜான் கிரியர்சன் அதன் முதல் தலைவர். போர்க்காலத்தில் அவ்வாரியம் படக்கருவியுடன் ஆட்களை ஊர் ஊராக அனுப்பியது. பள்ளிகளிலும் ஊர் மண்டபங்களிலும் படம் ஓடிய பின் கலந்துரையாடல் நிகழ்வதுண்டு. விதை அங்கே ஊன்றப்பட்டது. அது முளைத்தது ஃபோகோ தீவில்.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரையையடுத்துள்ளது இத்தீவு. 1960களில் பத்துச் சிற்றூர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் மக்கள் வாழ்ந்தனர். காட் என்னும் மீனே அவர்தம் வாழ்வு. பல நாடுகளின் பெருங்கப்பல்கள் ஆழ்கடலில் மீனை வாரிச் செல்லவே, சிறுபடகினரின் வலைகள் வறண்டன. அரசு கண்ட மருந்து, ஊரைக் காலி செய்து வேற்றிடம் செல்க என்பதாகும். 1954 முதல் 1975 வரை அம்மாகாணத்தில் ஏறத்தாழ முந்நூறு ஊர்கள் இவ்வாறு மறைந்தன. முப்பதாயிரம் பேர் இடம் பெயர்ந்தனர்.

இந்நிலையில் 1967இல் இயக்குநர் காலின் லோ தம் குழுவினருடன் தீவிற்கு வந்தார். மெமோரியல் பல்கலைக்கழகமும் துணை நின்றது. மீனவரும் இல்லத்தரசியரும் தத்தம் சொற்களிலேயே பேசினர். இருபதுக்கும் மேற்பட்ட சிறுபடங்கள் உருவாயின. பேசியவர்க்கே அவற்றை முதலில் காட்டி, வேண்டாதவற்றை நீக்கும் உரிமையும் வழங்கினர். பின்னர் ஊர்தோறும் திரையிட்டனர். ஊர்ப்பிரிவாலும் சமயப்பிரிவாலும் ஒருவரையொருவர் அறியாதிருந்தோர், அடுத்த ஊராரின் துயரும் தம் துயரே எனத் திரையில் கண்டனர். மாகாண மீன்வள அமைச்சரும் அப்படங்களைப் பார்த்தார். அவர்தம் மறுமொழியும் படமாகித் தீவினரை வந்தடைந்தது.

தீவினர் வெளியேறவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தாமே பெரிய படகுகள் கட்டினர். படமே இவற்றையெல்லாம் பெற்றெடுத்தது எனல் மிகை. மேம்பாட்டுக் குழுவொன்று அங்கே முன்னரே இருந்தது. ஆயின் சிதறிக் கிடந்த குரல்களை ஒன்றாக்கியதில் திரைக்கும் பங்குண்டு என்பது தெளிவு. 1992இல் காட் மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டபோதும், அச்சங்கம் நண்டு, இறால் எனத் தொழிலை மாற்றி நிலைத்தது.

நம் நாட்டிலும் இதனையொத்த முயற்சி உண்டு. 1975இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஊர்ப் பொதுத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிற்று. கூலி, கடன், சாதிக் கொடுமை ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகளில் சிற்றூர் மக்களே பங்கேற்றனர். பொதுவிடத்தில் கூடியிருந்து கண்டனர்.

கோப்புகளிடையே வாழும் எம் போன்றோர்க்கு இவ்வரலாறு கற்பிப்பது யாது? கோப்பில் மீனவர் ஓர் எண். திரையில் அவர் ஒரு முகம், ஒரு குரல். எண்ணைக் கண்டு ஆணையிடுவது எளிது. முகத்தைக் கண்ட பின்னர் ஆணையிடுவது அத்துணை எளிதன்று.

கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கேட்டல் குடிகளுக்கு மட்டும் உரியதன்று, ஆள்வோர்க்கும் உரியது. நம் தமிழ்ச் சங்கங்கள் உலக வெப்பம் பற்றியோ நீர்ப்பஞ்சம் பற்றியோ படம் திரையிடும்போது, படம் ஓடும் அளவு நேரத்தைப் பார்வையாளர் பேச்சிற்கும் ஒதுக்குதல் நன்று. குடத்துடன் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் தாய்மாரை அங்கே முதலில் பேச அழைப்போமாக.