கொல்லிமலைக்கு வந்த ஆசிரியர்

அன்னிய நாடு சென்று பள்ளியாசிரியராய்ப் பணியாற்றுவோர் நம் சமுதாயத்தில் பலர் உளர். அவர்தம் பணியின் அருமையை அவர்கள் வீட்டார் நன்கறிவர். எதிர்த் திசையில், ஆங்கில நாட்டிலிருந்து நம் கொல்லிமலைக்கு வந்த ஒரு தம்பதியரின் வரலாற்றை இங்கே கூற விழைகின்றோம்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியா வந்தார். கிறித்தவ சமயத்தைப் பரப்புவதே அவர் வருகையின் நோக்கம். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. சேந்தமங்கலத்தில் தங்கித் தமிழ் பயின்றார். 1913-இல் எவ்லினை மணந்து மலையேறினார். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளுடன் சாலை செல்லும் அம்மலைக்கு அன்று ஒற்றையடிப் பாதையே உண்டு. அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரென மயங்க வேண்டாம். தமிழே அவர்கள் தாய்மொழி. ஆயினும் ஏட்டில் கற்ற தமிழ் மலையில் முழுதும் செல்லுபடியாகியிராது. அரபு இலக்கணத்தை மனனம் செய்துவிட்டு, முதன்முறை ஓர் அரபியரின் எதிரே நின்று திகைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வாழவந்தியில் குடியமர்ந்த அவர்கள் பள்ளிகள் தொடங்கினர். எழுத்தோடு தச்சு முதலிய கைத்தொழில்களும் கற்பித்தனர். நோய்க்கு மருந்தும் கொடுத்தனர். 1914-இல் பிறந்த மகன் பாலுக்குத் தந்தை கறையான் புற்றைக் காட்டி, அதனுள் நிகழும் வாழ்வை விளக்குவாராம். இதைவிடச் சிறந்த பாடநூல் எதுவென நமக்குத் தெரியவில்லை.

ஊரார் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர்கள், தம் பிள்ளைகளின் கல்விக்காக அவர்களைப் பிரிய நேர்ந்தது. 1923-இல் பாலையும் தங்கை கோனியையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். பின்னர்க் கடிதங்களே தந்தையாயின. 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி மறைந்தார். தந்தி முந்திச் சென்றது; அவர் உயிரோடிருக்கையில் எழுதிய கடிதம் கப்பலில் அதன்பின் மகன் கைக்குச் சேர்ந்தது. கடல் கடந்த தந்தையரின் மடலை எதிர்நோக்கி வாழ்ந்த நம் குடும்பத்தார் பலருக்கு இந்த வேதனையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்த மகன் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராய் வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவரே.

எவ்லினோ, ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்ப மறுத்தார். முதுமையிலும் குதிரையேறி மலைமலையாகச் சென்றார். 1974-இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமான அவரைக் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தனர்.