குருதித் துளியும் மறதி நோயும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், முதியவர் ஒருவர் தாம் பெற்ற மகளையே 'நீ யார்?' என வினவுவாராயின், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறி வீட்டார் அமைந்துவிடுவர். ஈழத்துத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் இச்சொல், முதுமையின் தளர்வையும் மூளையின் நோயையும் ஒன்றாகவே கொண்டது. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிய உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முயன்றது.

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்போட் நகர மருத்துவமனைக்கு, நினைவு குலைந்த ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவரை ஆராய்ந்தவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் அவர் மூளையை நுணுக்குக்காட்டியில் நோக்கிய அல்சைமர், நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே நூற்சிக்கல் போன்ற முடிச்சுக்களையும் கண்டார். 1910இல் அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. எனினும், நோயை ஐயமின்றித் துணிவதற்கு நோயாளி இறக்க வேண்டியிருந்தது! இந்நிலை பல்லாண்டுகள் நீடித்தது.

1984இல் கிளென்னர், வொங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மூளைக் குருதிக்குழாய்களிற் படிந்த அமிலோயிட் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். முடிச்சிலுள்ளது தௌ என்னும் புரதமென்பதும் பின்னர் புலனாயிற்று. முள்ளந்தண்டில் ஊசியேற்றி எடுக்கும் நீரில் இவற்றை அளந்தனர். 2004 முதல் உயிருடனிருப்போர் மூளையின் அமிலோயிட்டைப் படம்பிடிக்கவும் வழி பிறந்தது. முன்னதற்கு மக்கள் அஞ்சினர். பின்னதற்குப் பெரும்பொருள் வேண்டும்.

குருதியில் நோயைத் தேடுவது வாவிக்கரையாருக்குப் புதிதன்று. மலேரியாக் காய்ச்சல் மலிந்திருந்த நாளில், விரலிற் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிக் கிருமியைக் கண்டறிந்தனர். அவ்வழி இலங்கை பெற்ற வெற்றி சிறிதன்று. 2012இல் இந்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளி காணப்பட்டார்; 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்ததெனச் சான்றளித்தது.

மூளைப் புரதமோ நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாதது. 217ஆம் இடத்திற் பொசுபேற்று ஏறிய தௌ, ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஒரு பிக்கோகிராமை ஒட்டியே இருக்கும். அதாவது, கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிதை அளக்கும் கருவிகள் இந்நூற்றாண்டிலேயே அமைந்தன. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு இத்தகைய குருதிப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி அளித்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்து, மறதியின் அறிகுறிகளும் உடையோருக்கே அது உரியது. 499 பேரிடம் சோதித்தபோது, ஐவரில் ஒருவருக்கும் குறைவானோருக்கே முடிவு தெளியாது நின்றது.

இவ்வளவுகோலை அப்படியே மட்டக்களப்புக்குக் கொணரலாமா? சிறுநீரகம் பழுதுற்றோர் குருதியில், மூளை நோய் இல்லாதபோதும் தௌ மிகுந்து காணப்படும். மட்டக்களப்பை அடுத்துள்ள பொலன்னறுவையிலோ உழவர் பலர் சிறுநீரக நோயால் வாடுகின்றனர். ஆகவே, பிறநாட்டார் குருதியில் வகுத்த எல்லை இங்குள்ள ஒருவரை வீணே நோயாளியாக்கிவிடலாம். இலங்கையில் இராகமைப் பகுதியில் 703 முதியோரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கணிப்பில், நூற்றுக்கு நால்வர் அளவில் மறதி நோய் காணப்பட்டது. அங்கு பயன்பட்டவை சிங்கள வினாக்கள், குருதி அளவன்று.

மேலும், தைரொயிட் சுரப்பின் குறைவும், விற்றமின் பி12 குறைவும், மனச்சோர்வும் அறளை பெயர்ந்தார் போலத் தோற்றுவிக்கும். இவை மருந்தால் மாறக்கூடியன. முதலில் இவற்றைத் தேடுவதே வைத்தியர் வழக்கம். இதற்குரிய குருதிப் பரிசோதனைகள் புதியனவுமல்ல.

விரல்நுனித் துளியைத் தாளில் உலர்த்தி, குளிரூட்டாமலே தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பித் தௌவை அளக்கும் முறையையும் ஐரோப்பிய ஆய்வாளர் இப்போது சோதித்து வருகின்றனர். அது தேறுமாயின், படுவான்கரை முதியவர் வாவியைக் கடந்து நகரத்து வைத்தியசாலைக்குப் போகவேண்டியதில்லை. அவர் விரலிற் குத்திய துளி மட்டுமே போகும்.