அறை ஒலியியல்

அறை ஒலியியல் என்பது, மூடிய அறையொன்றினுள் ஒலி எவ்வாறு பரவுகின்றது, தெறிக்கின்றது, உறிஞ்சப்படுகின்றது என்பதை ஆராயும் ஒலியியலின் ஒரு பிரிவு ஆகும். வீட்டில் இசை கேட்பவரின் செவியை அடைவது ஒலிபெருக்கியிலிருந்து நேரே வரும் ஒலி மட்டுமன்று. சுவர், தரை, கூரை ஆகியவற்றில் தெறித்து வரும் ஒலியும் அதனுடன் கலக்கின்றது. இதனால் ஒரே இசைக்கருவித் தொகுதி இரு அறைகளில் இரு வேறு விதமாக ஒலிக்கும்.

பெருக்கியின் பங்கு

ஆம்ப்ளிபயர் எனப் பரவலாக அழைக்கப்படும் பெருக்கி, வலுக்குறைந்த மின் குறிகையை ஒலிபெருக்கியை இயக்கப் போதுமான அளவுக்கு உயர்த்துகின்றது. நல்ல டிரான்சிஸ்டர் பெருக்கிகளின் வெளியீட்டு மின்மறுப்பு பொதுவாக 0.1 ஓமிலும் குறைவு. எனவே ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறினாலும், அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாதிருக்கும். சில வெற்றிடக்குழாய்ப் பெருக்கிகளில் இம்மின்மறுப்பு 1 ஓமுக்கு மேற்படுவதால், இணைக்கப்படும் ஒலிபெருக்கியைப் பொறுத்து ஒலியின் தன்மையும் மாறும்.

திறனை இரு மடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபல் மட்டுமே உயரும். பெருக்கி தன் எல்லையை மீறும்போது அலையின் உச்சிகள் வெட்டுண்டு ஒலி சிதையும். இவ்வெல்லைக்குள் இயங்கும் நல்ல பெருக்கிகளுக்கு இடையேயான வேறுபாடு மிகச் சிறிது. அறை ஏற்படுத்தும் ஏற்றத்தாழ்வோ, தாழ் அதிர்வெண்களில் 10 டெசிபலையும் கடக்கக்கூடும்.

நிலை அலைகள்

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையேயுள்ள தூரம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும்போது அங்கு நிலை அலை தோன்றும். ஒலியின் வேகத்தை (வினாடிக்கு 343 மீட்டர்) அத்தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் அதன் அதிர்வெண் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையில் இவை முறையே 34, 43, 57 ஹெர்ட்ஸ் ஆகும். இவற்றின் முழு மடங்குகளிலும் நிலை அலைகள் உண்டு.

இவ்வதிர்வெண்களில் ஒலியழுத்தம் சுவரருகே மிகுந்தும், முதல் நிலை அலையைப் பொறுத்தவரை நடுவில் மிகக் குறைந்தும் காணப்படும். ஓர் இருக்கையில் முழங்கும் தாழ்சுரம் அடுத்த இருக்கையில் மறைவது இதனாலேயே. கனசதுர அறையில் மூன்று திசைகளின் அதிர்வெண்களும் ஒன்றாக விழுவதால் இக்குறை மேலும் மிகும்.

எதிர்முழக்கம்

ஒலி மூலம் நின்ற பின்னரும் அறையில் ஒலி சிறிது நேரம் நீடிப்பது எதிர்முழக்கம் எனப்படும். ஒலிமட்டம் 60 டெசிபல் குறைய எடுக்கும் காலம் எதிர்முழக்க நேரம் ஆகும். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் கிளெமென்ட் சபைன், ஹார்வர்டு பல்கலைக்கழக மண்டபம் ஒன்றில் பேச்சு தெளிவாகக் கேளாத குறையைத் தீர்க்க 1895 ஆம் ஆண்டில் ஆய்வுகளைத் தொடங்கினார். இருக்கை மெத்தைகளை மண்டபத்தில் கூட்டியும் குறைத்தும் சோதித்து, பின்வரும் தொடர்பைக் கண்டறிந்தார்:

எதிர்முழக்க நேரம் (வினாடி) = 0.161 × கனவளவு (கன மீட்டர்) ÷ மொத்த உறிஞ்சல் (சதுர மீட்டர்)

1900 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு இவரது ஆய்வுகளின் துணையுடன் அமைக்கப்பட்டது.

மேற்கூறிய 60 கன மீட்டர் அறையின் பரப்புகள் யாவும் 3 விழுக்காடு ஒலியை மட்டுமே உறிஞ்சுமாயின், எதிர்முழக்க நேரம் 3 வினாடியைத் தாண்டும். மொத்த உறிஞ்சல் 20 சதுர மீட்டராக உயர்ந்தால் அது ஏறத்தாழ அரை வினாடியாகக் குறையும். கம்பளம், திரைச்சீலை, மெத்தை இருக்கைகள், நூல் நிறைந்த அலமாரிகள் ஆகியன இதற்கு உதவும்.

சீர்செய்தல்

மெல்லிய கம்பளமும் நுரைத் தகடும் உயர் அதிர்வெண்களையே உறிஞ்சும். 43 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டர் என்பதால் அவற்றால் அதற்குப் பயனில்லை. தாழ்சுரங்களுக்கு, அறையின் மூலைகளில் தடித்த உறிஞ்சிகள் வைக்கப்படுகின்றன.

ஒலிபெருக்கியை வைக்கும் இடமும் முக்கியமானது. பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால், தெறித்து வரும் அலை 86 ஹெர்ட்ஸ் அளவில் நேரலைக்கு எதிர்க் கட்டத்தில் அமைந்து அதனை வலுவிழக்கச் செய்யும். எனவே ஒலிபெருக்கியையும் இருக்கையையும் இடம் மாற்றிப் பார்ப்பதே செலவில்லாத முதல் வழியாகும்.

அறைத் திருத்த வசதியுள்ள பெருக்கிகள் ஒலிவாங்கியால் அறையை அளந்து, மிகுந்த அதிர்வெண்களைக் குறைக்கின்றன. ஆனால் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டாகும் பள்ளத்தை அவற்றால் நிரப்ப இயலாது. 10 டெசிபல் உயர்த்துவதற்குப் பத்து மடங்கு திறன் தேவைப்படும். அப்போது அழிக்கும் அலையும் அதே அளவு உயரும். ஆகவே கூடுதல் திறன் கொண்ட பெருக்கியை வாங்குவதால் அறையின் குறை நீங்குவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- ஒலிபெருக்கி
- டெசிபல்
- நிலை அலை
- மின்மறுப்பு