வேர்டு ஃபைல் ஓப்பன் ஆகலையா? பழைய ஆபிஸில் ‘டாக்எக்ஸ்’ சிக்கல் ஏன்... என்ன செய்யலாம்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை ஆனாலும் சரி, வேறு எந்த ஊர் ஆனாலும் சரி, வேலைக்கு அனுப்ப வேண்டிய பயோடேட்டாவை ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ திறக்கும்போது சில நேரம் திரை முழுக்க புரியாத குறிகள்தான் வரும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைத்து அழித்துவிட வேண்டாம். பல நேரங்களில் கோளாறு ஃபைலில் இல்லை. அந்த கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய ஆபிஸ் மென்பொருளில்தான்.

ஏன் இப்படி?

ஆபிஸ் 2003 வரை வேர்டு ஃபைல்கள் ‘டாக்’ வடிவில் சேமிக்கப்பட்டன. ஆபிஸ் 2007-ல் மைக்ரோசாஃப்ட் ‘டாக்எக்ஸ்’ வடிவத்தைக் கொண்டு வந்தது. இது உண்மையில் ஒரு ‘ஜிப்’ பொட்டலம். எழுத்துகள் ஒரு ஃபைலாகவும், படங்கள் தனித்தனி ஃபைல்களாகவும் உள்ளே இருக்கும். பழைய வேர்டுக்கு இந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது. எக்செல், பவர்பாயின்ட் ஃபைல்களுக்கும் இதே கதைதான்.

பழைய ஆபிஸிலும் புதிய ஃபைலைத் திறக்க ‘கம்பாட்டிபிலிட்டி பேக்’ என்ற இணைப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்தது. 2018-ல் அதையும் நிறுத்திவிட்டது. ஆபிஸ் 2003-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு முடிந்துவிட்டன.

செய்யக் கூடாதது என்ன?

* ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள ‘எக்ஸ்’ எழுத்தை மட்டும் நீக்கினால் பலன் இல்லை. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது.
* நிறுத்தப்பட்ட இணைப்பை முன்பின் தெரியாத தளங்களில் தேடி டவுன்லோடு செய்யாதீங்க. வைரஸும் சேர்ந்து வரலாம்.

என்ன செய்யலாம்?

* பிரிண்ட் மட்டும் போதும் என்றால், அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆகக் கேளுங்க.
* மொபைலில் கூகுள் டாக்ஸ் ஆப்பில் ஃபைலைத் திறந்து, நீங்களே பிடிஎஃப் ஆக மாற்றலாம். கடை கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலை லாகின் செய்ய வேண்டிய அவசியமும் இருக்காது.
* திருத்தவும் வேண்டுமா? அனுப்பியவர் ‘சேவ் ஆஸ்’ போய் ‘வேர்டு 97-2003 டாக்குமென்ட்’ என்று சேமித்து அனுப்பினால் பழைய வேர்டிலும் திறக்கும்.
* கடைக்காரர்கள் லிப்ரே ஆபிஸை இலவசமாக இன்ஸ்டால் செய்யலாம். பழைய, புதிய இரண்டு வடிவங்களையும் திறக்கும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இதன் புதிய பதிப்புகள் ஓடாது.

ஃபைல் திறக்குது, தமிழ் மட்டும் வரலையா?

இது வேறு பிரச்னை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் வரும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் இருக்கும் ஃபைல்கள் இன்னும் கைமாறுகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வாங்குங்க, அல்லது பிடிஎஃப் ஆகக் கேளுங்க.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது ஃபைலோடு போராட வேண்டாம். திருத்துவதற்கு ஒரு வேர்டு காப்பி, பிரிண்ட் எடுக்க ஒரு பிடிஎஃப் காப்பி என இரண்டையும் முன்கூட்டியே மொபைலில் வைத்துக்கொள்வது நல்லது.