பன்னிரண்டாம் சுற்றில் விழுந்தவர்

2012 செப்டெம்பர் 15 ஆம் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடுத்தர எடைப் பிரிவுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டி ஒன்று நடந்தது. ஒரு பக்கம் ஆர்ஜென்டீனாவின் செர்ஜியோ மார்ட்டினெஸ், வயது 37. மறுபக்கம் மெக்சிக்கோவின் ஹூலியோ சேசர் சாவெஸ், வயது 26, அதுவரை தோல்வி காணாதவர். தந்தையும் அதே பெயருடைய பெரும் சம்பியன் என்பதால் இவரை இளைய சாவெஸ் என்பர். பதினொரு சுற்றுகள் மார்ட்டினெஸ் தான் நினைத்தபடியே சண்டையை நடத்தினார். கைகளைத் தாழ்த்தியபடி வட்டமிட்டு, அடித்துவிட்டு விலகி, மீண்டும் அடித்தார். பன்னிரண்டாவதும் கடைசியுமான சுற்றில், இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமிருக்கையில், சாவெஸின் குத்துகள் பட்டுத் தரையில் விழுந்தார். எழுந்தார். மணி அடிக்கும் வரை நின்றார். வென்றார்.

அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்செடுப்பவர்கள் பதினொரு சுற்றுகளையும் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, கடைசிச் சுற்றுக்கு ஓடிவிடுகிறார்கள். ‘வென்றார்தான், ஆனால்…’ என்று இழுக்கிறார்கள். அந்த ‘ஆனால்’ நியாயமானதா என்பதே இங்கு என் கேள்வி.

கணக்கிலிருந்து தொடங்குவோம், ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு அதுதான் வசதி. குத்துச்சண்டையில் ஒரு சுற்றை வென்றவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. தோற்றவர் தரையில் விழுந்திருந்தால் 8. அன்று மூன்று நடுவர்களில் இருவர் 118 – 109 என்றும் ஒருவர் 117 – 110 என்றும் மார்ட்டினெஸுக்குத் தீர்ப்பளித்தனர். 118 எப்படி வந்தது? பதினொரு சுற்றுக்கு 110, விழுந்த சுற்றுக்கு 8. எதிராளிக்குப் பதினொரு ஒன்பதுகள் 99, கடைசிச் சுற்றுக்கு 10, ஆக 109. அதாவது அந்த இரு நடுவர்களும் பதினொரு சுற்றுகளையும் ஒன்றுகூட விடாமல் மார்ட்டினெஸுக்கே கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் ஒரேயொரு சுற்றைச் சாவெஸுக்கு விட்டிருக்கிறார். விழுந்ததற்கான தண்டனையும் அந்த 118 க்குள்ளேயே இருக்கிறது. மறைக்கப்பட்டது எதுவுமில்லை. ஏற்கனவே புள்ளி வெட்டப்பட்ட பிழைக்கு, பெறுபேறு வந்த பிறகு மீண்டும் ஒருமுறை வெட்டுவதைத்தான் அந்த ‘ஆனால்’ செய்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. குத்துச்சண்டை கணக்குப் பரீட்சையல்ல, எதிரியை வீழ்த்துவதே அதன் நோக்கம், இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் மார்ட்டினெஸ் தாங்கியிருக்கமாட்டார் என்பார்கள். தாங்கியிருக்கமாட்டார் என்றே நானும் நினைக்கிறேன். இடது கை முறிந்து, முழங்காலும் பழுதுபட்டுத்தான் அவர் மேடையை விட்டு இறங்கினார்.

ஆனால் அந்த ‘இன்னும் ஒரு சுற்று’ ஏன் இல்லாமற் போனது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டப் போட்டிகள் முன்பு 15 சுற்றுகளாக இருந்தன. 1982 நவம்பரில் இதே லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் கிம் டுக் கூ, ரே மான்சினியுடன் மோதி, 14 ஆம் சுற்றில் வீழ்த்தப்பட்டு, நினைவு திரும்பாமலே சில நாட்களில் இறந்தார். அவருக்கு வயது 20 களில். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டைச் சபை முதலிலும், ஏனைய அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னரும், பட்டப் போட்டியைப் 12 சுற்றுகளாகக் குறைத்தன. பதின்மூன்றாம் சுற்றைக் கற்பனை செய்து ஒருவரின் வெற்றியைக் குறைப்பவர், ஒரு மரணத்தின் பேரில் போடப்பட்ட எல்லையைத்தான் தாண்டச் சொல்கிறார்.

இளைய சாவெஸின் தந்தைக்கும் இதே போன்றதொரு கடைசிச் சுற்று வாய்த்தது. 1990 மார்ச் 17, அதுவும் லாஸ் வேகாஸ்தான். எதிராளி மெல்ட்ரிக் டெய்லர், 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். பதினொரு சுற்று முடிவில் இரு நடுவர்களின் தாளில் டெய்லர் 107 – 102, 108 – 101 என்று முன்னின்றார். மூன்றாமவரின் தாளில் மட்டும் சாவெஸ் ஒரு புள்ளி கூட. பன்னிரண்டாம் சுற்றின் இறுதியில் சாவெஸ் அவரை வீழ்த்தினார். டெய்லர் எழுந்து நின்றார். மத்தியஸ்தர் றிச்சர்ட் ஸ்டீல் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். மிச்சமிருந்தது இரண்டு விநாடி.

அந்த இரண்டு விநாடியும் கழிந்திருந்தால், விழுந்ததற்கான புள்ளியைக் கழித்த பின்னரும் டெய்லர் 115 – 112, 116 – 111 என இரு தாள்களில் வென்றிருப்பார். மார்ட்டினெஸைப் போலவே, கடைசிச் சுற்றில் விழுந்த வெற்றியாளராக இருந்திருப்பார். நடந்ததோ வேறு. அடிபட்ட முகத்தோடு வைத்தியசாலைக்குச் சென்ற டெய்லரிடம் பழைய வேகம் பின்னர் திரும்பவேயில்லை. ஸ்டீல் செய்தது சரி என்பேன்; கண் முன்னே நிற்பவரின் நிலையைத்தான் மத்தியஸ்தர் பார்க்க வேண்டும், மணிக்கூட்டை அல்ல. ஆயினும் வேடிக்கையைப் பாருங்கள்: இங்கே பிந்திய வீழ்ச்சியால் சந்தேகம் படிந்தது விழுந்தவர் மீதல்ல, வீழ்த்தி வென்ற மூத்த சாவெஸ் மீதுதான். மூன்று தசாப்தங்கள் கடந்தும் அந்த இரண்டு விநாடியை வைத்தே அவருடைய அந்த வெற்றியை விவாதிக்கிறார்கள்.

எம் வாசகர்களுக்குக் குத்துச்சண்டை என்றவுடன் நினைவுக்கு வருபவர் முஹம்மத் அலி. 1980 இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் அவர் காட்சிப் போட்டி ஆடியதைத் தமிழ்நாட்டில் இன்னும் பேசுகிறார்கள். அலியின் தொழில்முறை வாழ்வில் அவர் விழுந்ததாகக் கணக்கிடப்பட்டவை நான்கு: 1962 இல் சொனி பாங்ஸ், 1963 இல் ஹென்றி கூப்பர், 1971 இல் ஜோ பிரேசியர், 1975 இல் சக் வெப்னர். இவற்றில் பிரேசியரிடம் மட்டுமே தோற்றார். அன்று 15 ஆம் சுற்றில் விழுந்து நொடிகளில் எழுந்து முடிவு வரை நின்றதை, தோல்வியின் போதும் அவருக்குக் கிடைத்த பெருமையாகவே சொல்வார்கள். தோற்றவருக்குப் பெருமை தரும் அதே எழுச்சி, வென்றவருக்கு மட்டும் களங்கமாவது எப்படி?

உண்மையில் கேள்வி எழுப்ப வேண்டிய வெற்றி கூப்பருடனானது. லண்டன் வெம்ப்ளியில், அப்போது காசியஸ் கிளே என்றிருந்த அலியை நான்காம் சுற்றின் முடிவில் கூப்பரின் இடக்கை வீழ்த்தியது. மணி காப்பாற்றியது. அந்த இடைவேளையில் பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி, கையுறையிலிருந்த கிழிசலைக் காட்டி முறையிட்டார். அந்தக் கிழிசலைத் தானே பெரிதாக்கியதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். விதி அனுமதிக்காத முகரும் உப்பும் கொடுக்கப்பட்டது. நிமிடக்கணக்கில் தாமதித்தார்கள் என்பது கதை. படச்சுருளில் கூடுதலாகத் தெரிவது சில விநாடிகள்தான். ஐந்தாம் சுற்றில் கூப்பரின் கண் வெட்டுண்டு இரத்தம் பெருகவே சண்டை நிறுத்தப்பட்டது. அலி மீது எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை; என்றாலும் அந்த வெற்றியில் ஒரு கறை இருக்கிறது. அது விழுந்ததால் வந்ததல்ல, மூலையில் நடந்ததால் வந்தது.

வெப்னர் விடயத்திலும் அப்படித்தான். ஒன்பதாம் சுற்றில் அலி விழுந்தார். காலை மிதித்துவிட்டார் என்று முறையிட்டார். மிதிப்பது போன்ற புகைப்படமும் உண்டு. மத்தியஸ்தர் விழுந்ததாகவே எண்ணினார். அலி மேற்கொண்டு வாதாடிக்கொண்டிராமல் மிச்சச் சுற்றுகளை ஆடி, 15 ஆம் சுற்றில் 19 விநாடி மிச்சமிருக்க வென்றார். அந்தச் சண்டையைப் பார்த்த சில்வெஸ்டர் ஸ்டாலோன் ‘றொக்கி’ படத்தை எழுதினார். சினிமா விழுத்தியவரின் பக்கம் நின்றது.

மார்ட்டினெஸிடம் முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை. எழுந்தபின் எதிரியைக் கட்டிப்பிடித்து நேரத்தைக் கடத்தியிருக்கலாம். புள்ளிகள் அவர் பக்கம் குவிந்து கிடந்தன. அவரோ நின்று பதிலுக்குக் குத்தினார். புத்திசாலித்தனமா என்று கேட்டால் இல்லை என்பேன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சொந்த நாட்டில் மார்ட்டின் மரேயிடம் எட்டாம் சுற்றில் மீண்டும் விழுந்தார். அதையும் மூன்று நடுவர்களிடமும் 115 – 112 என்று வென்றார். 2014 ஜூனில் நியூயோர்க்கில் மிகுவெல் கொட்டோ முதற் சுற்றிலேயே அவரை மூன்று தடவை வீழ்த்தினார். ஒன்பது சுற்று முடிந்ததும், பத்தாவதுக்கு மணி அடிக்கு முன் அவருடைய பயிற்சியாளர் போதும் என்றார்.